இளங்கறி

ராக்கியப்பனை நாய் கடித்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. லேத் பட்டறையில் பதினெட்டு வருஷம் நின்றே வேலை பார்த்தவன். எலும்புக்கு மேல் தோல், தோலுக்கு மேல் கிரீஸ். நடுவில் கடிப்பதற்கு என்ன இருக்கிறது?

ஆஸ்பத்திரியில் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. வலது தொடையில் ஒரு கைப்பிடி சதை இல்லை. முழங்கைக்குக் கீழே தோல், கழற்றிப் போட்ட கையுறை மாதிரிச் சுருண்டு தொங்கியது. நர்ஸ் அதை மறுபடியும் இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலின் ஓரத்தில் அவன் மனைவி துளசிமணி, மடியில் ஏழு வயது மகள் தளிர். தளிரின் நெற்றியில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"எப்படிப்பா ஆச்சு?"

"சிங்காநல்லூர் சிக்னல்ல நின்னுட்டு இருந்தனுங். பாப்பா முன்னால டேங்க் மேல உக்காந்திருந்தா. பக்கத்துல ஒரு காரு, கண்ணாடி பாதி எறக்கியிருந்துச்சு. உள்ளார ஒரு கருப்பு நாயி. மூக்கை நீட்டி ஒருக்கா இழுத்துப் பாத்துச்சுங். அவ்ளோதான், மிச்சக் கண்ணாடிய ஒடைச்சுட்டு வெளிய வந்துருச்சு."

"குலைச்சுதா?"

"இல்லீங். அதானுங் பயமாப் போச்சு. சோத்துத் தட்டைப் பாத்து யாராச்சும் கத்துவாங்களா?"

துளசிமணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் காரணம் உண்டு. ராக்கியப்பனை அந்தத் தட்டில் வைத்தவன் நான்தான்.

என் பெயர் நாச்சிமுத்து. பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகனாக இருந்தவன். இரண்டு பேர் கை கொடுத்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டு விழும். வாய் மழையைப் பற்றிப் பேசும், துண்டுக்குள் விரல்கள் விலை பேசும். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்படி வாழ்ந்துகொண்டிருந்தபோதுதான் கொல்லாமைச் சட்டம் வந்தது. எந்தப் பிராணியையும் எதற்காகவும் கொல்லக் கூடாது. மனிதன் முணுமுணுத்துக்கொண்டே பருப்புக்கு மாறினான். நாயும் பூனையும் மாறவில்லை. பருப்பைத் தின்றுவிட்டு வரிசையாகப் படுத்துக்கொண்டன, எழுந்திருக்கவில்லை.

ஆட்டிடமிருந்து ஒரு துளி சதை எடுத்துத் தொட்டியில் வளர்த்து அவற்றுக்குப் போடலாம் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். கொலை இல்லை, ரத்தம் இல்லை. ஆனால் ஆட்டைக் கேட்காமல் எடுப்பது வன்முறை என்று ஒருவர் வழக்குப் போட்டார். ஆட்டைக் கோர்ட்டுக்கே அழைத்து வந்து கேட்டார்கள். அது 'மே' என்றது. அது சம்மதமா மறுப்பா என்று பதினொரு மாதம் விவாதம் நடந்தது. நடுவில் ஆடு வயதாகிச் செத்துப்போனது. கடைசியில், தெளிவாகச் சம்மதம் சொல்லக்கூடிய பிராணியிடமிருந்து மட்டும் எடுக்கலாம் என்று தீர்ப்பு வந்தது.

வாயைத் திறந்து 'சரி' என்று சொல்லி, அடியில் கையெழுத்தும் போடத் தெரிந்த பிராணி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

கோவையில் 'நல்லூண்' கம்பெனி அப்படித்தான் ஆரம்பித்தது. தொடையில் அரிசி அளவுக்குச் சதை எடுப்பார்கள். எட்டு நாளில் தொட்டியில் எருமை அளவுக்கு வளர்ந்துவிடும். கொடுத்தவனுக்குத் தழும்பு கூடத் தெரியாது, வருஷா வருஷம் ஒரு தொகை வந்துகொண்டிருக்கும். பாக்கெட்டில் 'மனிதநேய இறைச்சி' என்று அச்சடித்தார்கள். பாக்கெட் சிறியது என்பதால் 'நேய' மட்டும் பொடி எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு கொடையாளருக்கும் ஒரு எண். நாய் ஒரு எண்ணுக்குப் பழகிவிட்டால் வேறு எண்ணைத் தொடாது. ராக்கியப்பன் 41. சந்தை மூடியபின் கொடையாளர் பிடித்துக் கொடுக்கும் தரகு எனக்கு.

"தரகருங், ஒண்ணு மட்டும் புரிஞ்சுபோச்சு" என்றான் ராக்கியப்பன். "என்ற சதையத் தின்னு பழகுன நாயிங்க என்னையத் தேடி வருது. நா வூட்ல இருந்தா புள்ளைக்கு ஆவாதுங். பட்டறையிலயே படுத்துக்கறன். வந்தா என்கிட்டயே வரட்டும்."

"நீங்க இல்லாம நாங்க எப்படியிருக்கறது?" என்றாள் துளசிமணி.

"உசுரோட இருப்பீங்கல்ல, அது போதும் புள்ள."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நல்ல யோசனை என்று தட்டிக்கொடுத்து அனுப்பினேன். முப்பது வருஷம் மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொன்னவன், கண் முன்னால் இருந்ததைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு நாள் பட்டறைக்கு ஒரு நாயும் வரவில்லை.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவன் கேட்ட மாற்றுத் துணியை வாங்கி வரலாம் என்று காலை பதினொரு மணிக்கு ஒண்டிப்புதூரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தெருவில் ஆளில்லை. எல்லாரும் மாடியில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக் கதவு கீல் பெயர்ந்து வாசலில் கிடந்தது.

உள்ளே இரண்டு நாய்கள். ஒன்று கறுப்பு. இன்னொன்று கன்றுக்குட்டி அளவுக்கு வெள்ளை, கழுத்தில் அறுந்த சங்கிலி. துளசிமணி பீரோவுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கையிலும் அம்மிக்குழவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புடவை முழங்கால் வரை சிவப்பு. கறுப்பு நாய் அவள் மேல் பாய்ந்தது. ஆனால் கடிக்கவில்லை, ஒதுக்கப் பார்த்தது. கூட்டத்தில் வழி விடாதவரை நாம் தோளால் தள்ளுவோமே, அப்படி. அவள் நகராதபோதுதான் இடது கையைக் கவ்வியது. எலும்பு நொறுங்கியது எனக்கு வாசல்வரை கேட்டது. அவள் கத்தவில்லை. கவ்விய கையை அதன் வாயிலேயே விட்டுவிட்டு, இன்னொரு கையால் குழவியைத் தூக்கி அதன் மண்டையில் இறக்கினாள். மறுபடியும். மறுபடியும். நாலாவது அடியில் நாயின் ஒரு கண் வெளியே வந்து தரையில் உருண்டது. ஆறாவது அடி தேவைப்படவில்லை. ஆனாலும் அடித்தாள்.

அதற்குள் வெள்ளை நாய் பீரோவின் இரும்புக் கதவை நகத்தால் பிராண்டிப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து தளிரின் குரல்.

"அம்மா, இடுக்குல நாக்கை வுடுதும்மா! என்ற காலை நக்குது!"

நான் வாசலில் கிடந்த கதவைத் தூக்கி அதன் முதுகில் போட்டு மேலே ஏறி நின்றேன். வீரம் என்று நினைக்க வேண்டாம். ஓடுவதற்குக் கால் வரவில்லை, ஏறுவதற்கு வந்தது. அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவோடும் என்னோடும் சேர்த்து இழுத்துக்கொண்டு பீரோவையே நக்கியது.

"சுல்தான்! டேய் சுல்தான்!"

வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். பின்னால் டிரைவர். கையிலிருந்த கருவியை அழுத்தியதும் நாயின் கழுத்துப்பட்டை சுரீரென்று மின்சாரம் அடித்தது. மூன்று முறை அடித்தபின்தான் நாய் சரிந்தது. பெரியவர் நடந்ததைப் பார்த்தார். அப்படியே தரையில் மண்டியிட்டு, துளசிமணியைப் பார்த்துக் கை கூப்பினார்.

"அம்மா, வாக்கிங் கூட்டிட்டுப் போனேன். அறுத்துட்டு ஓடி வந்துட்டான். அஞ்சு கிலோமீட்டர் காரிலேயே தொரத்தறேன். என் நாய் பண்ணின தப்பு என் தப்பும்மா. என்னை என்ன வேணாலும் செய்யுங்க."

அவர் குழந்தைவேலு. ரேஸ்கோர்ஸில் வீடு, பீளமேட்டில் மில். தன் காரில் துளசிமணியை ஏற்றிக்கொண்டு போய், ஆபரேஷன் முடியும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு விரல் போனது.

ஆனால் நான் அந்த நாயின் மேல் நின்றபோதே ஒன்றைப் பார்த்துவிட்டேன். சுல்தானின் கழுத்தில், எந்தக் கறி தின்கிறது என்று காட்டும் கம்பெனி வில்லை, தங்க நிறத்தில். 41-க்கு வில்லை சாம்பல் நிறம். ராக்கியப்பனின் கறி முற்றல் என்று ஒதுக்கி, ஆறேழு வீட்டில்தான் வாங்கினார்கள். தங்க வில்லை, ஊரே அடித்துக்கொண்டு வாங்குகிற உயர்ரகத்துக்கு. பெயர் 'இளங்கறி', எண் 41-அ.

சந்தையில் பேரம் படியாமல் இழுத்தால், மாட்டோடு கயிறு, கழுத்து மணி என்று எதையாவது கொசுறு போட்டு முடிப்போம். கொசுறுக்குப் பேச்சும் கிடையாது, சீட்டும் கிடையாது. ராக்கியப்பன் கையெழுத்துப் போட்ட அன்றைக்குக் கம்பெனி மேனேஜர் மிருதுளா பிடிவாதமாக இருந்தாள். துண்டைப் போட்டேன். அந்தப் பெண் விரலை இழுத்துக்கொண்டாள். "எங்க ரேட் ஃபிக்ஸட் சார்" என்றாள். பக்கத்தில் தளிர் ஒரு தீப்பெட்டியை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே அன்று காலை விழுந்த பால் பல். சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிய வேண்டும், கோவையில் சாணி எங்கே கிடைக்கும் என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குடு சாமி" என்றேன். "இவிய கட்டடம் எட்டு மாடி. அங்க இருந்து எறிஞ்சாப் பல்லு சீக்கிரமா மொளைக்கும்."

தளிர் சந்தோஷமாகக் கொடுத்தாள். "இந்தாம்மா, கொசுறு. பால் பல்லுக்குள்ள இருக்கறது பத்தரை மாத்துன்னு உங்க ஆளுங்களே சொல்லுவாங்களே" என்று மிருதுளாவின் மேஜை மேல் வைத்தேன். ராக்கியப்பனும் சிரித்தான். அன்றைக்குப் பேரம் படிந்தது. பல் கூரைக்குப் போகவில்லை, தொட்டிக்குப் போயிருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த துளசிமணியிடம் தியேட்டர் வாசலிலேயே இதைச் சொன்னேன். ராக்கியப்பனும் பட்டறையிலிருந்து நொண்டிக்கொண்டே ஓடி வந்திருந்தான். அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். துளசிமணி என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கட்டுப் போட்ட கையை மட்டும் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னும் எத்தனை நாயிங்?"

அதைக் கேட்கத்தான் மறுநாள் காலை மிருதுளாவின் எதிரில் உட்கார்ந்தேன்.

"முந்நூத்தி நாப்பது வீடு சார். கூடிட்டே இருக்கு."

"நிறுத்துங்க. ஒரு கொழந்தை சாகப்போகுது."

"எந்தக் கொழந்தை?"

"41-அ."

"41-அ-ன்னு ஒரு கொடையாளரே இல்லையே சார்" என்றாள், மெதுவாக. அவளுக்கு என் மேல் கோபமில்லை. எனக்குத் திருக்குறள் சொல்லிக்கொடுப்பது போன்ற பொறுமை. "41-ன்னு ஒருத்தர் சம்மதம் குடுத்திருக்கார். 41-அ அவரோட ஒரு பிரிவு. இல்ல, அது வேற ஆளுன்னு நீங்க சொன்னா, சம்மதமில்லாம ஒரு மைனர்கிட்ட சதை எடுத்தது யாருன்னு கேப்பாங்க. மேஜை மேல கொண்டுவந்து வெச்ச கை யாரோடது?"

நான் என் கையைப் பார்த்தேன்.

"போலீஸ்?"

"போங்களேன். நேத்து அந்த அம்மா அடிச்சுக் கொன்ன நாய் விஷயமா அவங்க மேலதான் எஃப்.ஐ.ஆர். போட்டிருக்காங்க. கொல்லாமைச் சட்டம், பிரிவு நாலு."

வாசலில் நிற்கிற நாயைக் கொல்ல முடியாது. உள்ளே போகிற கறியை நிறுத்த முடியாது. நான் வேறு பக்கமாகக் கேட்டேன்.

"இன்னிக்கே நிறுத்தினா நாய்ங்க மறந்துருமா?"

"மறக்காது. பசி இன்னும் அதிகமாத் தேடும். ஆனா மாத்தலாம் சார். புது ருசி, தினமும் ரெண்டு வேளை, நாப்பது நாள். பழசு மேல புதுசு ஏறிக்கும். அப்புறம் அந்தப் பொண்ணு பக்கத்துல வந்தாலும் அதுக்கு வெறும் ஒரு கொழந்தைதான்."

"அப்ப மாத்துங்க."

"யாரோட ருசிக்கு?"

கேட்டுவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. இன்னொரு ராக்கியப்பனை நான் பிடித்துக் கொடுத்தால் முந்நூற்று நாற்பது நாய் அவனைத் தேடும். தளிருக்குப் பதில் வேறு யாருடைய வீட்டுப் பீரோவோ.

துளசிமணியையும் குழந்தையையும் அன்றே பட்டறைக்கு மாற்றினோம். லேத்துக்குப் பின்னால் சாமான் அறை, இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. வாடை தெரியாமல் இருக்கத் தரையெல்லாம் கட்டிங் ஆயிலும் டீசலும் ஊற்றினோம். அப்படியும் நாலாம் நாள் பகலில் மூன்று நாய் வந்தன. ஷட்டருக்கு அடியில் தலையைக் கொடுத்து நெம்பின. ராக்கியப்பன் ஒரு இரும்பு ஷாஃப்டை எடுத்துக்கொண்டான். முதல் நாயின் முதுகெலும்பை உடைத்தான். பின்னங்கால் இரண்டும் செத்துப்போன பிறகும் அது முன்னங்காலால் ஊர்ந்து அறையை நோக்கியே வந்தது. கழுத்தில் நிறுத்தி அழுத்தினான். இரண்டாவதன் தாடையைப் பெயர்த்தான். மூன்றாவது அவன் பழைய காயத்தைக் கவ்வி, தையலோடு பிய்த்துக்கொண்டு போனது. பின்பக்கம் இரண்டையும் குழி தோண்டிப் புதைத்தோம். நாயைப் புதைப்பதற்குச் சாட்சி வைத்துக்கொள்ளாமல் இருப்பதும் ஒரு தொழில்தான் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

தளிருக்கு இருமல் பிடித்தது. எண்ணெய்ப் புகை. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "ரெண்டு மாசம் இப்படியே இருந்தா நுரையீரல் தேறாது. வெயில், காத்து வேணும்" என்றார்.

"தரகர் மாமா" என்றாள் தளிர், இருமலுக்கு நடுவில். "நா என்ன தப்புப் பண்ணுனேன்? நாயிங்களுக்கு எம்மேல ஏன் கோவம்?"

"கோவமில்ல சாமி."

"அப்ப?"

அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்தவிதம்கூட நல்ல விதமில்லை. இந்த உலகத்தில் நாய்களுக்குத் தின்னக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் யாரைக் கொடுப்பது நியாயம் என்று யோசித்தேன். யாருக்கு நாய் வேண்டுமோ அவரைத்தான்.

மிருதுளாவிடம் போனேன். "புது ரகம் போடலாம்மா. பேரு 'சொந்தம்'. நாயோட முதலாளி தன்னோட சதையையே குடுக்கறார். அவரோட நாய்க்கு மட்டும், அவரோட சதை."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். என்னை நேராகப் பார்த்தாள். நான் என்ன சொல்கிறேன், எதைச் சொல்லாமல் விடுகிறேன் என்று இரண்டும் அவளுக்குப் புரிந்தது.

"சட்டப்படி இதைவிடச் சுத்தமான சம்மதம் கிடையாது" என்றாள். பிறகு, "பாக்கெட் என்ன கலர் சார்?"

இளஞ்சிவப்பு என்று முடிவானது. மறுநாளே தன் நாயைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். தங்கையிடம் என்ன சொன்னாளோ.

முதல் வாடிக்கையாளர் குழந்தைவேலுவாகத்தான் இருக்க வேண்டும். அவர் வாங்கினால் ரேஸ்கோர்ஸ் வாங்கும். ரேஸ்கோர்ஸ் வாங்கினால் ஊர் வாங்கும். அவர் வீட்டுப் புல்வெளியில் சுல்தான் படுத்திருந்தது. கழுத்தில் இப்போது இரட்டைச் சங்கிலி.

"வாய்யா நாச்சிமுத்து. அந்த அம்மா கை எப்படி இருக்கு? வேற என்ன வேணும்னு கேட்டியா?"

"ஆறிட்டு வருதுங்கய்யா. நான் சுல்தான் விஷயமா வந்தனுங். தப்பா நெனைக்கக் கூடாது. ஊர் பேர் தெரியாத எவனோ ஒருத்தனோட சதையை அவனுக்குப் போடறீங்க. அந்தக் கொணந்தானுங்களே அவனுக்கும் வரும்? அன்னிக்கு அப்படி நடந்துக்கிட்டது சுல்தானுங்களா? அவன் தின்ன கறிங்க."

அவர் நாற்காலியில் முன்னால் வந்தார்.

"ஏனுங்கய்யா, பெத்தவ பாலும் டப்பாப் பாலும் ஒண்ணாயிருமா?"

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் கெட்டிருக்கும். குழந்தைவேலுவின் கண் நிறைந்துவிட்டது. மனைவி போய் ஆறு வருஷம், பிள்ளை கிடையாது. சுல்தானின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எங்கய்யா கையெழுத்துப் போடணும்?"

மூன்று இடத்தில் போட்டார். விலை கேட்கவே இல்லை. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஒன்பதாம் நாள் இளஞ்சிவப்புப் பாக்கெட்டுகள் போய்ச் சேர்ந்தன. 'உங்கள் அன்பை ஊட்டுங்கள்' என்று அடியில் ஒரு வரி. முந்நூற்று நாற்பது வீட்டில் முந்நூற்றுப் பத்து வீடு மாறிவிட்டது. மாறாமல் நின்ற முப்பது வீட்டுக்கு 'இளங்கறி உற்பத்தி இல்லை' என்று மிருதுளா கையை விரித்தாள். பக்கத்து வீட்டுக்காரன் தன் சதையைக் கொடுக்கும்போது நாம் கொடுக்காவிட்டால் நாய் என்ன நினைக்கும் என்ற வெட்கத்திலேயே அவர்களும் மாறினார்கள்.

பாக்கெட் மாறிய பதினைந்தாம் நாள் ஒரு நாய் ஷட்டரைத் தேடி வந்தது. இருபத்தோராம் நாள் ஒன்று வந்து, சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போனது. அதற்கப்புறம் வரவில்லை. சுவரில் தளிர் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். நாற்பதாவது கோட்டுக்கு மட்டும் மேலே ஒரு சூரியன் வரைந்து வைத்திருந்தாள்.

முப்பத்தேழாம் நாள் சாய்பாபா காலனியில் ஒரு பெண் டாக்டர். குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தவரின் தோள்பட்டையிலிருந்து நாய் ஆரம்பித்திருக்கிறது. குளியலறையிலிருந்து வாசல்வரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. நாயின் பாத்திரம் வைக்கிற இடத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறது. பேப்பரில் 'விபத்து' என்று நாலு வரி. அதைப் படித்துவிட்டு நான் பட்டறை வாசலில் வாந்தி எடுத்தேன். துளசிமணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பேப்பரை வாங்கிப் படித்தாள். மடித்து அடுப்புக்குள் வைத்தாள்.

"இன்னும் மூணு நாளுங்" என்றாள்.

நாற்பத்தோராம் நாள் காலை ஏழு மணிக்குத் தளிரை வெளியே அழைத்து வந்தோம். எங்கே கூட்டிப்போவது என்பதில் பேச்சே இல்லை. ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலை நேரத்தில் நூறு நாயாவது நடக்கும். அங்கே ஒன்றும் ஆகவில்லையென்றால் ஊரில் எங்கேயும் ஆகாது. நான் தளிரின் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டடி பின்னால் துளசிமணி, முந்தானைக்குள் அரிவாள். அவளுக்குப் பின்னால் ராக்கியப்பன், ஷாஃப்டை ஊன்றுகோல் மாதிரி ஊன்றிக்கொண்டு. கல்யாணத்துக்குச் சீர் கொண்டுபோகிற கூட்டம் மாதிரி நடந்தோம்.

வெயில் பட்டதும் தளிர் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். அவள் முகம் முளைவிட்ட கிழங்கு மாதிரி வெளுத்திருந்தது. முதல் நாய் எதிரே வந்தது. அவள் விரல் நகம் என் உள்ளங்கையில் இறங்கியது. நாய் எங்களைத் தாண்டிப் போனது. இரண்டாவது. ஐந்தாவது. ஒன்றும் திரும்பவில்லை. பின்னால் துளசிமணி முனகுவது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அழுதுகொண்டே நடந்தாள்.

"அட, நம்ம பாப்பாவா!"

குழந்தைவேலு. நடைப்பயிற்சி முடிந்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிரில் சுல்தான். நான் நின்றுவிட்டேன். அவரோ ஆசையாகக் கூப்பிட்டார்.

"பயப்படாம வா கண்ணு. ஒண்ணும் பண்ண மாட்டான். நானே பிடிச்சிருக்கேன்."

ராக்கியப்பன் ஷாஃப்டைத் தூக்கினான். தளிர் என்ன நினைத்தாளோ, என் கையை விட்டுவிட்டு ஒரு அடி முன்னால் வைத்தாள். அவள் பாவாடை சுல்தானின் மூக்கில் உரசியது. நாயின் காது கூட அசையவில்லை.

"பாத்தீங்களா! எப்படித் திருந்திட்டான்!" பெரியவர் அதன் முதுகைத் தட்டினார். "நாச்சிமுத்து, நீ சொன்னது நூத்துக்கு நூறுய்யா. இப்பல்லாம் அவனுக்கு வேற யாரும் கண்ணுலயே படறதில்ல. என்னையேதான் பாத்துட்டு இருக்கான். நான் தூங்கறப்பக் கூட கட்டில் பக்கத்துல உக்காந்து மூஞ்சியையே பாத்துட்டு இருக்கான். ஆறு வருஷம் கழிச்சு என்னை இப்படிப் பாக்க ஒரு ஆள்!"

நான் சுல்தானைப் பார்த்தேன். அதன் கண் அவர் கழுத்தில் நின்றிருந்தது. வாயோரம் எச்சில் நூலாக இறங்கிப் புல்லில் விழுந்தது. சங்கிலியை அவர் இரண்டு விரலில் சும்மா மாட்டியிருந்தார்.

ஒரு வார்த்தை போதும். எழுந்திருங்கய்யா, சங்கிலியை என்னிடம் கொடுங்கள், அந்தப் பாக்கெட்டை இன்றோடு நிறுத்துங்கள். சொன்னால் அவர் கேட்பார், ஏன் என்றும் கேட்பார். சாயங்காலத்துக்குள் முந்நூற்று நாற்பது வீட்டுக்கும் தெரிந்துவிடும். அத்தனை பேரும் இளஞ்சிவப்பைத் தூக்கி எறிவார்கள். பழைய தங்கப் பாக்கெட்டையே கேட்பார்கள். அது யாருக்கும் எந்தத் தொந்தரவும் தராத பாக்கெட். ஒரே ஒரு சின்னவளைத் தவிர.

தளிர் வெயிலில் நின்று, தன் நிழலை மிதித்து மிதித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"உங்க மேல உசுருங்கய்யா அதுக்கு" என்றேன்.

குழந்தைவேலு வாய் விட்டுச் சிரித்தார். சுல்தானை இன்னும் பக்கத்தில் இழுத்து, அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் தளிரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். திருப்பம் வரைக்கும் அந்தச் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் கேட்கவில்லை.